எட்டுப் புளியங்கொட்டையும் ஒரு கோடாங்கியும்: 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக், ஒரு வருடம் ஆடிப் பார்த்த பிறகு

என் தம்பி தன் ஒரே ஒரு முறைக்கு எடுத்துக்கொண்ட நேரம் பதினொரு நிமிடம் என்று என் வீட்டுக்காரர் போனில் அளந்து சொன்ன அன்றைக்குத்தான் எங்கள் ஆட்டத்தின் புது விதிப் புத்தகமான ஹேண்ட்புக் வாங்குவது என்று முடிவானது.

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், வெயில் தாழ்ந்ததும், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவள். என் வீட்டுக்காரருக்கு பார்பேரியன், முரட்டுச் சண்டைக்காரன். என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் தமிழ் டீச்சருக்கு கிளெரிக், சாமி அருளால் மந்திரம் போடும் பூசாரி. தம்பியின் சிநேகிதனுக்கு ரோக், அதாவது திருடன். தம்பிக்கு ட்ரூயிட், அதாவது இயற்கையிலிருந்து மந்திரம் எடுப்பவன், அதிலும் ஷெப்பர்ட் என்ற கிளை. ஆவிகளைக் கூப்பிடுவதே அதன் பிழைப்பு. நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறவள். அதனால் இந்த விமர்சனத்தில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய 2014 விதியில் ஐந்தாம் லெவல் ட்ரூயிட் ‘கான்ஜூர் அனிமல்ஸ்’ என்ற மூன்றாம் லெவல் ஸ்பெல்லை, அதாவது மந்திரத்தை (ஆளின் லெவல் வேறு, மந்திரத்தின் லெவல் வேறு), போட்டால் மிருக உருவில் ஆவிகள் வரும். பலமானது ஒன்று வரலாம், நடுத்தரம் இரண்டோ நான்கோ வரலாம், எளியவை எட்டு வரலாம். யாராவது ஒன்று கேட்பார்களா? தம்பி எப்போதும் எட்டு ஓநாய்தான். எங்களிடம் ஓநாய் பொம்மைக்குக் காசு இல்லை. அம்மா புளி கொட்டை எடுத்துப் போட்டிருந்த சுளகிலிருந்து எட்டுப் புளியங்கொட்டை எடுத்து, தாயம் ஆட உரசுவதுபோல ஒரு பக்கத்தைத் திண்ணையில் வெள்ளையாகும்வரை தேய்த்து, பேனாவால் ஒன்று முதல் எட்டு வரை நம்பர் போட்டு வைத்திருந்தோம். செத்த ஓநாயைக் கறுப்புப் பக்கம் திருப்பி வைப்பது வழக்கம்.

ஒரு ஓநாய் கடிக்க இருபது முகப் பகடையை உருட்டி 4ஐக் கூட்ட வேண்டும்; பட்டால் சேதம் 2டி4+2, அதாவது நான்கு முகப் பகடை இரண்டு, கூட்டல் 2, சராசரி 7. பக்கத்தில் கூட்டாளி நின்றால் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். எட்டு ஓநாய் கூட்டமாக நிற்கும்போது கூட்டாளிக்கு என்ன பஞ்சம். ஆர்மர் கிளாஸ் (அடி பட எடுக்க வேண்டிய எண்) 15 உள்ள எதிரியை 75 சதவீதம் கடித்துவிடும். எட்டு, ஏழு, முக்கால்: பெருக்கினால் 42. அதே லெவலில் இருகைப் பெரிய வாள் பிடித்த வீரன் இரண்டு வெட்டு வெட்டினால், சராசரி 14க்குக் கொஞ்சம் மேலே வரும். என் வீட்டுக்காரர் கோடரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இது போதாதென்று ஷெப்பர்டுக்குக் கரடி ஆவி ஒன்று உண்டு. அதை இறக்கினால் முப்பது அடிக்குள் நிற்கும் வேண்டியவர்களுக்கெல்லாம் 5 கூட்டல் ட்ரூயிட் லெவல் அளவுக்குத் தற்காலிக உயிர்ப்புள்ளி. ஐந்தாம் லெவலில் தலைக்குப் பத்து, ஓநாய்களுக்கும் சேர்த்து. 11 புள்ளியில் பொசுக்கென்று போக வேண்டிய ஓநாய் 21 புள்ளியோடு நிற்கும்.

ஆனால் நாங்கள் புத்தகம் வாங்கியது இந்த 42க்காக இல்லை. எட்டு ஓநாய்க்கும் நகர்த்த வேண்டும், தலைக்கு இரண்டு பகடை உருட்ட வேண்டும், பட்டால் சேதம் உருட்ட வேண்டும், பட்டவன் விழுந்தானா என்று நான் ஒரு பகடை உருட்ட வேண்டும். ஒருநாள் தம்பி முறை ஆரம்பித்ததும் ரோக் ஆடுகிறவன் மாடிப்படி இறங்கி, முக்குக் கடையில் பருத்திப்பால் குடித்துவிட்டு, எனக்கும் ஒன்று பார்சல் வாங்கிக்கொண்டு வந்தான். ஆறாம் நம்பர் ஓநாய் கடித்துக்கொண்டிருந்தது. “அக்கா, என் டர்ன் வந்தா மிஸ்டு கால் குடுங்க” என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டான். ஆவிகளைக் கூப்பிடும் ஆள் ஒருவன் இருந்தால் சேதத்தைவிட அவன் தின்கிற நேரம்தான் மற்றவர்களுக்கு வலிக்கும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு மாதம் ஆனது.

சரி, புத்தகத்துக்கு வருவோம். 2024 செப்டம்பரில் வெளியான பதிப்பு இது. 384 பக்கம், பெரிய அளவு, கெட்டி அட்டை. ட்ரூயிட், கிளெரிக் போல 12 வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் நாலு கிளை. வெளியானபோது அமெரிக்க விலை 49.99 டாலர். நாங்கள் நாலு பேர் பங்கு போட்டு வாங்கினோம். ரோக் மட்டும் “நான் படிக்கவா போறேன்” என்று கழன்றுகொண்டான். எனக்கு வந்த பிரதியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. கொண்டுவந்தவர் மழையில் எதிர்வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டு ‘டெலிவர்டு’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டார். எந்த கூரியர் என்று சொல்லப் போவதில்லை. அதற்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. தாள் வழவழப்பு, படங்கள் கண்ணுக்கு நிறைவு, ஒரு வருடம் ஐந்து பேர் புரட்டியும் கட்டு விடவில்லை. கடைசியில் விதிச் சொற்களையெல்லாம் அகர வரிசையில் போட்டு ஒரு பகுதி இருக்கிறது. சண்டை நடுவில் எதையாவது தேடினால் நேராக அங்கே போய்விடலாம். பழைய புத்தகத்தில் நான் விரல் வைத்துத் தேடிய நேரத்தை நினைத்தால் இந்த ஒரு பகுதிக்கே பாதிக் காசு கொடுக்கலாம்.

தம்பியின் விஷயத்தில் புத்தகம் என்ன செய்தது? முதலில் வயிற்றில் அடித்தது. ஷெப்பர்ட் கிளையே இதில் இல்லை. அது 2017இல் வந்த ஒரு துணைப் புத்தகத்தில் இருந்தது; இங்கே ட்ரூயிடுக்கு நிலம், நிலா, கடல், நட்சத்திரம் என்று நாலே கிளை. அப்புறம் கான்ஜூர் அனிமல்ஸ். பெயர் அதேதான், சரக்கு வேறு. எட்டும் கிடையாது, நாலும் கிடையாது. ஒரே ஒரு ஆவிக்கூட்டம், பெரிய மிருகம் நிற்கும் அளவுக்கு இடம் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு உயிர்ப்புள்ளி இல்லை, தனி முறையும் இல்லை. ட்ரூயிட் நகரும்போது அதையும் முப்பது அடி நகர்த்தலாம். அதன் பத்தடிக்குள் சிக்குகிற எதிரி தப்பிக்க ஒரு பகடை உருட்ட வேண்டும். தவறினால் 3டி10 சேதம்.

கணக்கு போட்டேன். இந்த லெவலில் தம்பியின் ஆளிடமிருந்து தப்ப 15 எடுக்க வேண்டும். டெக்ஸ், அதாவது சுறுசுறுப்பு, +2 உள்ள எதிரி 60 சதவீதம் தவறுவான். 16.5ஐ 0.6ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10. எதிரிகள் மூன்று பேர் ஒட்டி நின்றால் 30. பழைய 42 இல்லை, ஆனாலும் சும்மா இல்லை. பெரிய விஷயம், தம்பியின் முறை பதினொரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்கு வந்தது. ரோக் இப்போதெல்லாம் பருத்திப்பாலை ஆட்டத்துக்கு முன்னாலேயே குடித்துவிடுகிறான்.

தனி ஆவி வேண்டும் என்பவர்களுக்கு ‘சம்மன்’ என்று ஆரம்பிக்கும் ஸ்பெல் வரிசை இருக்கிறது. 2020இல் வேறொரு துணைப் புத்தகத்தில் வந்தவற்றில் பெரும்பாலானவற்றை இங்கே முக்கியப் புத்தகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ‘சம்மன் பீஸ்ட்’ போட்டால் ஒரே ஒரு மிருக ஆவி வரும். வானமா, நிலமா, நீரா என்று கூப்பிடுகிறவர் சொல்லலாம். நிலத்து ஆவிக்கு 30 உயிர்ப்புள்ளி, இரண்டாம் லெவலுக்கு மேலே ஒவ்வொரு லெவலுக்கும் ஐந்து கூடும். ஆர்மர் கிளாஸ் 11 கூட்டல் ஸ்பெல் லெவல். எத்தனை தடவை தாக்கும் என்பது ஸ்பெல் லெவலில் பாதி. அதாவது மிருகம் எது என்று புத்தகத்தைப் புரட்டித் தேட வேண்டாம்; ஆவியின் முழு ஜாதகமும் ஸ்பெல்லுக்கு அடியிலேயே ஒரு கட்டத்தில் இருக்கிறது. கூப்பிட்டவர் முறை முடிந்ததும் அதன் முறை. கட்டளை கொடுத்தால் செய்யும், கொடுக்காவிட்டால் அடி படாமல் ஒதுங்கிக்கொண்டு நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு வேண்டிய சாமான்: 200 பொற்காசு பெறுமான, தங்க முலாம் பூசிய ஓக் கொட்டை; அதற்குள்ளே ஒரு இறகு, கொஞ்சம் மிருக முடி, ஒரு மீன் வால். எங்கள் மேஜையில் ஓக்குக்கு எங்கே போவது? தாயத்துக் குப்பி என்று வைத்துக்கொண்டோம்.

தம்பிக்கு இதில் திருப்தியே இல்லை. “எட்டு இருந்துச்சு, இப்ப ஒத்தையாப் போச்சேக்கா” என்று இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மூன்றாம் லெவலில் போட்டால் இந்த ஆவிக்கு ஒரே ஒரு தாக்குதல்தான், சராசரி 11.5. அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பிறகு ‘சம்மன் ஃபே’யைக் கண்டுபிடித்தான். அதில் வரும் ஆவிக்குக் கோபம், குதூகலம், குறும்பு என்று மூன்று மனநிலையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முப்பது அடி பளிச்சென்று தாவும். தாவிய இடத்தில் கோபக்கார ஆவிக்குத் தாக்குவது எளிதாகும், குதூகல ஆவி எதிரியை மயக்கப் பார்க்கும், குறும்பு ஆவி பத்தடிக்கு இருட்டைக் கிளப்பும். அந்த மூன்று சொல்லைப் பார்த்ததும் ஓநாய்களை மறந்தே போனான்.

இதுவரை புத்தகத்துக்கு நல்ல மார்க். இனி சறுக்கிய இடம்.

கிளெரிக்கின் ‘ஸ்பிரிட் கார்டியன்ஸ்’ தெரியுமல்லவா? கிளெரிக்கைச் சுற்றிப் பதினைந்து அடிக்குக் காவல் ஆவிகள் சுழலும். உள்ளே மாட்டுகிறவனுக்கு 3டி8, தப்பினால் பாதி. பழைய விதியில் எதிரி உள்ளே வந்தாலோ உள்ளே தன் முறையை ஆரம்பித்தாலோதான் அடி. புதியதில் ஆவி வட்டம் எதிரி மேல் போய் விழுந்தாலே அடி. ஒரு முறைக்கு ஒரு தடவைதான் என்று கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். கவனியுங்கள், ஒரு சுற்றுக்கு, அதாவது எல்லாரும் தலைக்கு ஒரு முறை ஆடி முடிப்பதற்கு, ஒரு தடவை என்று இல்லை, யாருடைய முறையானாலும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு தடவை. இந்த ஒரு சொல்லின் இடைவெளியில் எங்கள் மேஜையில் ஒரு சித்திரைத் திருவிழாவே நடந்தது.

கிளெரிக் தன் முறையில் ஓடிப்போய் எலும்புக்கூடுகளை ஒரு தடவை தடவினார். அடுத்து என் வீட்டுக்காரர் முறை. அவர் கோடரியை முதுகில் மாட்டிக்கொண்டு, “டீச்சர், வாங்க” என்று கிளெரிக்கை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு வரிசையாக எலும்புக்கூடுகள் நடுவே ஓடினார். வட்டம் மறுபடி எல்லார் மேலும் விழுந்தது. மறுபடி 3டி8. தம்பியும் ரோக்கும் எழுந்து நின்று “கோவிந்தா! கோவிந்தா!” என்று கத்துகிறார்கள், அழகர் ஆற்றில் இறங்குவதுபோல. கீழ் வீட்டுப் பாட்டி, “என்னடி அங்க, ஐப்பசில அழகர் வந்துட்டாரா?” என்று கேட்டார். அப்புறம் எலும்புக்கூடுகள் தங்கள் முறை முடிவில் வட்டத்துக்குள் நின்றதற்கு இன்னொரு தடவை. ஒரே சுற்றில் மூன்று அடி. தப்பாமல் எல்லாம் வாங்கினால் சராசரி 40க்கு மேல், அதுவும் தலைக்கு.

தமிழ் டீச்சர் மேல் தப்பில்லை. தனியாகப் பார்த்தால் அவருடைய கிளெரிக் அளவான ஆள்தான். பார்பேரியனும் அப்படித்தான், பழைய விதியில் கரடிக் கிளை பார்பேரியன் சைக்கிக் என்ற சேத வகை தவிர எல்லாச் சேதத்தையும் பாதியாக்குவான், புதியதில் ஃபோர்ஸ், நெக்ரோட்டிக், ரேடியன்ட் வகைகளும் அந்த விலக்கில் சேர்ந்துவிட்டதால் அவர் குறைந்துதான் போயிருந்தார். இரண்டு பேர் கைகோத்ததில்தான் கதை மாறியது. ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகத் தராசில் வைத்து நிறுத்துவதில் பயனில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆவி ஆட்களை நிறுத்தும்போது பக்கத்தில் யார் நிற்கிறார், யார் தூக்குகிறார் என்பதையும் தட்டில் போட வேண்டும். இப்போது எங்கள் வீட்டு விதி, இந்த மாதிரி வட்டங்கள் ஓர் எதிரியை ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் அடிக்கும். கான்ஜூர் அனிமல்ஸுக்கும் அதே. என் வீட்டுக்காரர் மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போதுகூட இதை ஒத்துக்கொள்ளவில்லை.

கிளெரிக்கிடம் இன்னொரு ஸ்பெல்லில் நேர்மாறாகப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். காற்றில் தானே மிதந்து அடிக்கும் ஆவி ஆயுதம் இருக்கிறதே, ‘ஸ்பிரிச்சுவல் வெப்பன்’, அதற்கு இப்போது கான்சன்ட்ரேஷன், அதாவது கலையாத மனக்குவிப்பு, வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லுக்குத்தான் அதைக் கொடுக்க முடியும். காவல் ஆவியும் ஆவி ஆயுதமும் ஒரே நேரத்தில் கிடையாது. டீச்சர் வருத்தப்பட்டார், எனக்குச் சந்தோஷம். அடி வாங்கினால் கான்சன்ட்ரேஷன் கலையாமல் இருக்க 10 அல்லது சேதத்தில் பாதி, எது பெரிதோ அதை எடுக்க வேண்டும் என்ற பழைய விதி இதிலும் இருக்கிறது. ஆவி ஆட்களைக் கட்டுக்குள் வைக்க டிஎம் கையில் இருக்கும் நல்ல கயிறு இதுதான். வில் வைத்த இரண்டு எதிரிகளைத் தூரத்தில் நிறுத்துங்கள், போதும்.

இன்னும் ஒரு குறை எனக்கு. இது கணக்கில் சேராது.

என் தாத்தா உசிலம்பட்டிப் பக்கத்தில் கோடாங்கி. உடுக்கை அடித்துப் பாடிக் குறி சொல்வார். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். பாடுவது அவர், ஆனால் ஆடுவது அவர் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலைமுடி அவிழும், அவள் வாயிலிருந்து வரும் பேச்சுக்குத் தாத்தா பதில் கேட்பார். “என்ன வேணும்?” என்பதுதான் முதல் கேள்வி. சுருட்டு கேட்கும், சேவல் கேட்கும், சில சமயம் பத்து வருடத்துக்கு முன்னால் மறந்துபோன நேர்த்திக்கடனைக் கேட்கும். ஒருநாள் செக்கானூரணியிலிருந்து வண்டி கட்டி வந்தவர்களை, அரை மணி நேரம் அடித்துப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வராது, போயிட்டு வெள்ளிக்கிழமை வாங்க” என்று அனுப்பிவிட்டார். அவர்களும் பேசாமல் எழுந்து போனார்கள். கூப்பிட்டால் வந்தே தீர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இந்தப் புத்தகத்தின் ஆவிகள் கூப்பிட்டால் வருகின்றன, சொன்னதைச் செய்கின்றன, நேரம் முடிந்ததும் போய்விடுகின்றன. நல்ல வேலைக்காரர்கள். ஆட்டம் வேகமாக ஓட இது வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் தம்பியே சலித்துப்போய், “இது டார்ச் லைட் மாதிரி இருக்குக்கா” என்றான்.

அதனால் தாத்தாவிடமிருந்து ஒன்றைத் திருடினேன். தம்பி ஆவியைக் கூப்பிடலாம்; ஆனால் அதை ஆடுவது அவன் இல்லை. மேஜையில் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் மேல் அது இறங்கும். பகடையும் அவர்தான் உருட்டுவார். தம்பி ‘என்ன வேணும்?’ என்று கேட்க வேண்டும், ஆவியை ஆடுகிறவர் ஒன்றைக் கேட்பார். கொடுப்பதாக ஒத்துக்கொண்டால் புத்தகத்தில் உள்ளபடி எல்லாக் கட்டளைக்கும் கீழ்ப்படியும். அந்தக் கடனைத் தீர்க்காமல் அடுத்த தடவை கூப்பிட்டால், வரும், ஆனால் முதல் சுற்றில் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கும். கட்டளை இல்லாத ஆவி செய்வது புத்தகத்திலேயே இருக்கிறதே, அதேதான். எண் எதையும் நான் தொடவில்லை.

நான் எதிர்பார்க்காத பலன் ஒன்று கிடைத்தது. ரோக் சுவரோரம் போவதை நிறுத்திவிட்டான். தம்பி முறையில் அவனுக்கும் வேலை வந்துவிட்டதல்லவா? வலப்பக்க நாற்காலிக்கு இப்போது போட்டி. டீச்சர் மேல் குறும்பு ஆவி இறங்கிய அன்று அவர் வெண்பாவிலேயே பேசி, தம்பியையும் வெண்பாவில் பதில் சொல்லச் சொல்லிவிட்டார். தளை தட்டினால் இருட்டைக் கிளப்ப மாட்டேன் என்று பிடிவாதம். பத்து நிமிடம் போனது. ஸ்டாப்வாட்ச் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏற்கெனவே 2014 புத்தகம் வைத்திருந்து, உங்கள் குழுவில் ஆவி கூப்பிடுகிறவர் யாரும் இல்லையென்றால் அவசரமில்லை. இருந்தால் வாங்குங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் காசு போடவே வேண்டாம். விதிகளின் அடிப்படைத் தொகுப்பு, எஸ்ஆர்டி 5.2, 2025 ஏப்ரலிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வகுப்புக்கு ஒரு கிளைதான் இருக்கும், ஸ்பெல்களும் முழுசாக இருக்காது, ஆனால் நாலு ஞாயிறு ஆடிப் பார்க்கத் தாராளம். அதை ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் அடித்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறோம். ரோக் படிப்பதாக இருந்தால் அதைத்தான் படிக்கிறான். ஷெப்பர்ட் ஆடியே தீருவேன் என்பவர்கள் பழைய துணைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதிய கான்ஜூர் அனிமல்ஸோடு ஒட்ட வைக்கப் பார்க்க வேண்டாம். நாங்கள் பார்த்தோம். உயிர்ப்புள்ளியே இல்லாத ஆவிக்கூட்டத்துக்கு உயிர்ப்புள்ளியைக் கூட்டித் தரும் கிளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எங்கள் மேஜைக் கணக்கில் ஐந்துக்கு நாலு. முறைக்கும் சுற்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் விட்டதற்கு ஒன்றைக் கழித்தேன்.

புளியங்கொட்டைகள் இன்னும் டப்பாவில்தான் இருக்கின்றன. எதிரிகளைக் குறிக்க ஆகும். போன வாரம் என் வீட்டுக்காரர் மேல் கோபக்கார ஆவி இறங்கியது. “என்ன வேணும்?” என்றான் தம்பி. “கறி தோசை, ரெண்டு” என்றது ஆவி. ஆட்டத்துக்குள்ளே சொல்கிறதா வெளியே சொல்கிறதா என்று தம்பி என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தைப் புரட்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். கடன் இன்னும் தீரவில்லை, இந்த ஞாயிறு குகைக்குள் போக வேண்டும்.